சாப்பாட்டுக் கூடத்து வார்டு

பஸ் கண்டக்டர் ஜக்தாப்பைக் குப்புறப் புரட்ட நான்கு பேராவது வேண்டும். அன்று காலை ஷிப்டில் இருந்தவர்கள் மூன்றே பேர். தலைமாட்டில் நர்ஸ் அகல்யா, இடுப்புப் பக்கம் மாவ்ஷி சரசா, கால்மாட்டில் மாமா இர்பான். அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் ஆயாவை மாவ்ஷி என்றும் ஆண் உதவியாளரை மாமா என்றும்தான் கூப்பிடுவார்கள். சித்தியும் மாமனும் இல்லாமல் புனேயில் ஒரு வார்டும் நடக்காது.

முதலில் அவருக்கு அடியில் கிடந்த போர்வையின் இரண்டு ஓரங்களையும் சுருட்டிக் கைப்பிடி மாதிரி ஆக்கினார்கள். அவருடைய வலது கையை உடம்போடு ஒட்டிவைத்து, மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை அகல்யா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அது கழன்றால் காரியம் கெட்டது. மார்புக்கு ஒரு தலையணை, இடுப்பெலும்புக்கு ஒரு தலையணை, நடுவில் வயிறு இறங்குவதற்கு இடம். ஜக்தாப்பின் வயிறு சாமானிய வயிறு அல்ல. வருஷக்கணக்காக ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே வடாபாவ் தின்று வளர்த்தது. கொடுத்த இடம் அதற்குப் போதவில்லை.

"சரசாக்கா, இன்னொரு தலகாணி குடுங்க. இக்கட்டால செருகலாம்," என்றாள் அகல்யா.

"ஏக், தோன், தீன்" என்று மராத்தியில் எண்ணி மூன்று பேரும் ஒரே இழுப்பாக இழுத்துப் புரட்டினார்கள். மனிதர் முனகினார். அகல்யா அவருடைய முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தாள். பிறகு மூவரும் கட்டிலுக்கு மேலேயிருந்த திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண்பதுகளில் தடுமாறிக்கொண்டிருந்த ஆக்சிஜன் எண் கொஞ்சம் இறங்கியது, அங்கேயே நின்றது, பிறகு ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது.

"ஏறுது சிஸ்டர்," என்றாள் சரசா. "லிப்ட்டு மாரி ஏறுது பாரு."

அகல்யாவுக்கு இந்த இடம்தான் பிடிக்கும். பிளாஸ்டிக் உடைக்குள் முதுகு நெடுக வேர்வை ஓடும், கண்ணாடியில் ஆவி படிந்து பாதிக் கண் தெரியாது, மூக்கின் மேல் முகக்கவசம் அறுக்கும். அந்த எண் ஏறும்போது இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். கோபிச்செட்டிப்பாளையத்தில் பிறந்து, கோயமுத்தூரில் நர்சிங் படித்து, ஹரீஷைக் கட்டிக்கொண்டு புனே பக்கத்து நிக்டிக்கு வந்தவள் அவள். வந்த பிறகு சில வருஷம் வேலையே கிடைக்கவில்லை. போன இடத்திலெல்லாம் மராத்தி தெரியுமா என்றார்கள். தொற்று வந்து கதவைத் தட்டியபோது அந்தக் கேள்வி காணாமல் போய்விட்டது. ஊசி போடத் தெரிந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மராத்தியை அவள் சரசாவிடம் கற்றுக்கொண்டாள். சரசாவின் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பிம்ப்ரிக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். சரசா பிறந்ததே இங்கேதான்.

ஆஸ்பத்திரி என்று பெயரே தவிர, அது பிம்ப்ரியில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் எல்லாம் நின்றுபோன அந்தக் கோடையில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கட்டில்களைப் போட்டார்கள். ஆட்களைக் கொடுத்தது ஒரு ஏஜென்சி. ஆரம்பத்தில் சோதனையில் கிருமி தெரிந்தால் போதும், ஒரு தும்மல்கூட இல்லாதவனையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவார்கள். மண்டபம் நிறைய ஆரோக்கியமான நோயாளிகள். சாயங்காலம் ஆனால் அந்தாட்சரி, காலையில் போஹா என்ற அவல் உப்புமாவில் உப்பில்லை என்று சண்டை. செத்தவர்கள் அபூர்வம். ஏஜென்சிக்காரர்கள் தங்கள் கைராசி என்று மார்தட்டிக்கொண்டார்கள்.

மழைக்காலத்தில் விதி மாறியது. தொந்தரவு இல்லாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள். அப்புறம் மண்டபத்துக்கு வந்தவர்கள் எல்லாம் மூச்சுக்குத் தவித்தவர்கள். அதே கிருமி, அதே நர்சுகள், நூற்றுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால் சாவு மட்டும் பல மடங்கு. பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், அதிகாரிகள் வந்து சத்தம் போட்டார்கள். உள்ளே வேலை பார்த்தவர்களுக்கோ வேறு மாதிரித் தெரிந்தது. எந்த மருந்தை எப்போது கொடுப்பது, யாரைக் குப்புறப் போடுவது, எவரை அவசரப்பட்டுப் பெரிய சுவாச எந்திரத்தில் மாட்டக் கூடாது என்பதெல்லாம் டாக்டரும் அவர்களும் சேர்ந்து பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஜூன் மாதம் வந்திருந்தால் நிச்சயம் போயிருப்பான் என்று சொல்லக்கூடியவன் செப்டம்பரில் எழுந்து உட்கார்ந்து சப்பாத்தி கேட்டான். இதை அகல்யா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

பெரிய ஆக்சிஜன் தொட்டியை மண்டபத்தின் சமையல்கட்டுப் பக்கம் வைத்ததால், கஷ்டமான நோயாளிகளைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றினார்கள். அது பின் வார்டு. மணமேடை இருந்த பெரிய கூடம் முன் வார்டு. முன் வார்டில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் பின்னால் அனுப்புவார்கள். பின் வார்டுக்குச் சமையல்கட்டு வழியாக ஒரு வாசல் உண்டு. சடலங்களை ஏற்றும் வண்டி அங்கேதான் நிற்கும். குணமானவர்களும் முதலில் அந்த வழியாகத்தான் போனார்கள்.

ஆகஸ்டில் குணமான ஒரு ரிடையர்டு வாத்தியார் அந்த வாசலைப் பார்த்ததும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரனை அந்த வழியாகக் கொண்டுபோனதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், உயிரோடு இருக்கிறவன் அதில் போக மாட்டான் என்றும் சொன்னார். இர்பான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். மனிதர் அசையவில்லை. அப்போதுதான் அகல்யாவுக்கு அந்த யோசனை வந்தது. ஆக்சிஜன் தேவைப்படாத நிலை வந்ததும் நோயாளியை முன் வார்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன? கடைசி இரண்டு மூன்று நாள் ஜன்னல் வெளிச்சத்தில் இருக்கட்டும், பிறகு மண்டபத்தின் முன்வாசல் வழியாக மனுஷனாக வீட்டுக்குப் போகட்டும். டாக்டர் உடனே சரி என்றார்.

அதிலிருந்து முன்வாசலில் தினம் தினம் கல்யாணம்தான். மண்டபத்துக்காரர் தன்னிடமிருந்த ஷெனாய் ரெக்கார்டை எடுத்துப் போட்டார். முன் வார்டு சிஸ்டர் ப்ரியம்வதாவும் அவளுடைய ஆட்களும் இரண்டு வரிசையாக நின்று கைதட்டி, மராத்திக் கல்யாணத்தில் போடுகிற மாதிரி அட்சதை போட்டு அனுப்பினார்கள். போகிறவர்கள் அழுதுகொண்டே அவர்களைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பின் வார்டுக்கு ஷெனாய்ச் சத்தம் மட்டும் வரும். "நம்ம மாப்பிள்ளை ஒருத்தன் போறான்" என்பாள் சரசா, கையில் மூத்திரப் பாத்திரத்தோடு. அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அகல்யாவுக்கும் இல்லை.

நவம்பரில் கூட்டம் குறைந்தது. பின் வார்டில் ஒரு வரிசையை மூடிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஸ்வாமிநாதன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஏஜென்சியின் மேற்பார்வையாளர். கட்கியில் ராணுவ ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துக்காரர். மணப்பெண் அலங்கார அறைதான் அவருடைய ஆபீஸ். சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடிக்கு முன்னால் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தமிழ் பேச ஆள் கிடைத்தால் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றாமல் விட மாட்டார். அன்றைக்கும் ஊற்றினார்.

மாதக் கடைசியில் பின் வார்டை மூடப்போகிறார்கள் என்றார். கஷ்டமான கேஸ்களை இனிமேல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு டீமில் ஒன்றைத்தான் ஏஜென்சி வைத்துக்கொள்ளும். அடுத்தபடியாக இன்னொரு ஆஸ்பத்திரி கான்டிராக்டுக்கு அவர்கள் முயற்சி செய்கிறார்கள். அங்கே காட்டுவதற்கு நல்ல இறப்பு விகிதம் உள்ள டீம் வேண்டும். முன் வார்டில் இந்த மாதம் சாவு சைபர்.

"உங்க வார்டை என்னத்தைச் சொல்றது?" என்று தயங்கினார். "இந்தக் கணக்குப்படி பாத்தா, அங்க வந்தவா யாருமே பொழைக்கலைங்கற மாதிரின்னா இருக்கு."

அகல்யா முதலில் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும்தான் விஷயம் உறைத்தது. நோயாளி கடைசியாக எந்த வார்டில் இருந்தாரோ அந்த வார்டின் பேரில் கணக்கு ஏறும். பின் வார்டில் குணமானவர்கள் எல்லாரும் முன் வார்டுக்குப் போய் அங்கிருந்து வீட்டுக்குப் போனார்கள். முன் வார்டில் சாகக் கிடந்தவர்கள் எல்லாரும் பின் வார்டுக்கு வந்து, பிழைக்காதவர்கள் இங்கேயே போனார்கள். அவள் படபடவென்று இதை எடுத்துச் சொன்னாள். ஜக்தாப்பைச் சொன்னாள், வாத்தியாரைச் சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது அத்தனையும் வாஸ்தவம்மா. எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். ஆனா மேல போறது ஒரே ஒரு நம்பர். அது பக்கத்துல கதை எழுத இடம் கிடையாது."

பிறகு குரலைத் தணித்து ஒரு வழியும் சொன்னார். பார்க்கப்போவது இந்த மாதக் கணக்கை மட்டும்தான். பின் வார்டில் இப்போது தேறிக்கொண்டிருக்கிறவர்கள் ஜக்தாப்பையும் சேர்த்து நாலு பேர். அவர்களை முன்னால் அனுப்பாமல், கட்டாயம் வைத்திருக்க வேண்டிய நாட்களை அங்கேயே கழித்து, அங்கிருந்தே வீட்டுக்கு அனுப்பினால் எண் மாறிவிடும். நல்ல மனிதர்தான். அவளுக்கு உதவ வேண்டும் என்றுதான் சொன்னார்.

நிக்டிக்கு வந்து, குளித்து, ஈரத் தலையோடு சமையலறையில் உட்கார்ந்து அவள் இதை ஹரீஷிடம் சொன்னாள். விமான் நகரில் இருந்த அவன் ஆபீஸ் வீட்டுக்குள் வந்துவிட்டதிலிருந்து ராத்திரிச் சமையல் அவன் பொறுப்பு. கத்திரிக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டான். தன் ஆபீஸிலும் இதே கூத்து நடப்பதாகச் சொன்னான். எவராலும் சரி செய்ய முடியாத கோளாறுகளை எல்லாம் அவன் டீமுக்குத் தள்ளிவிடுவார்கள், வருஷக் கடைசியில் ஏன் உங்கள் டீம் இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அவனும் விளக்குவான், ஒவ்வொரு வருஷமும் அவர்களும் தலையை ஆட்டுவார்கள்.

"உங்களுக்கு வேலை போகுலீங்கல்ல," என்றாள் அகல்யா. "சரசாக்கா வீட்டுக்காரருக்குக் கம்பெனி மூடுனதுல இருந்து சம்பளம் கிடையாது. அந்தக்கா ஒருத்தி சம்பாத்தியத்துலதான் அஞ்சு பேரு சாப்புடறாங்க. முன்வாசல்ல அனுப்பலாம்னு சொன்னதே நானுங்க. நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னிக்கு எங்க கணக்கு எப்படி இருந்திருக்கும்?"

"அந்த வாத்தியாரு இன்னும் அங்கயே சப்பணம் போட்டு உக்காந்திருப்பாரு கண்ணு," என்றான் ஹரீஷ்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு சாப்பிட்டாள். கத்திரிக்காய்ப் பொரியல் நன்றாகத்தான் இருந்தது, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். நாலு பேரையும் பின் வார்டிலேயே வைத்துக்கொள்வது என்று அன்று படுக்கும்போது முடிவு செய்தாள்.

மறுநாள் சரசாவிடமும் இர்பானிடமும் சொன்னபோது அவர்களும் சரி என்றார்கள். இதில் திருட்டு ஒன்றும் இல்லையே, நாம் பிழைக்க வைத்தவர்களை நம் பேரில் காட்டுகிறோம் என்றான் இர்பான் ஹிந்தியில். ஜக்தாப்புக்கு அப்போது குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எப்போது முன்னால் அனுப்புவீர்கள் என்று கேட்டார். கொஞ்ச நாள் ஆகும் என்று சரசா சொன்னதும் முகம் செத்துப்போயிற்று. எதிர்க் கட்டிலில் முந்தின ராத்திரிதான் ஒரு கிழவர் போயிருந்தார். கொடுத்த கஞ்சியை ஜக்தாப் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாடித் துடிப்பு ஏறியது. எண்ணும் தொண்ணூற்று ஐந்திலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டு வந்தது. அகல்யா பார்த்தும் பார்க்காத மாதிரி மருந்து அலமாரியை ஒழுங்கு செய்தாள்.

மத்தியானம் ப்ரியம்வதா இன்டர்காமில் கூப்பிட்டாள். பிம்ப்ரி மார்க்கெட்டில் காய்கறி விற்கும் பார்வதி என்ற பெண்ணுக்குக் காலையிலிருந்து மூச்சு இறங்கிக்கொண்டே வருகிறது, ஆக்சிஜனை வேகமாகத் தரும் பெரிய குழாய் உள்ள கட்டில் ஒன்று உடனே வேண்டும். பின் வார்டில் திறந்திருந்த கட்டில்கள் எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாமல் அவற்றில் படுத்திருந்தவர்கள் ஜக்தாப் முதலான நாலு பேர்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

அகல்யா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஜக்தாப் ஒருவரை அனுப்பினால் மற்ற மூன்று பேரையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கணக்குப் போட்டாள். அந்த மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரசாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சரசா வந்து ஜக்தாப்பின் கட்டில் சக்கரத்தின் பிரேக்கைக் காலால் தட்டி விடுவித்தாள்.

"இன்னா சிஸ்டர் யோசிக்கிற? வேலை இன்னைக்குப் போனா நாளைக்கு ஒண்ணு கெடைக்கும். சலோ, எல்லாரையும் முன்னால தள்ளு. இந்தாளு மூஞ்சியப் பாத்தா எனக்கு சோறு எறங்கல."

எல்லாரையும் முன்னால் தள்ளினார்கள். முன் கூடத்தின் கதவு திறந்து வெளிச்சம் முகத்தில் விழுந்ததுமே ஜக்தாப் தண்ணீர் கேட்டார். அதே கையோடு பார்வதியைப் பின்னால் கொண்டுவந்து, குழாயை மாட்டி, மூவருமாகக் குப்புறப் போட்டார்கள். ஒல்லியான உடம்பு, ஒருவரே புரட்டிவிடலாம். எண் ஏறுவதற்கு ரொம்ப நேரம் எடுத்தது. ஏறியது. அன்று சாயங்காலம் அகல்யா எந்த வருத்தமும் இல்லாமல் வீட்டுக்குப் போனாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜக்தாப்பை அனுப்பிய அன்று டெப்போவிலிருந்து நாலைந்து கண்டக்டர்கள் வந்து வாசலில் விசில் ஊதினார்களாம். அவருடைய மனைவி முன் வார்டில் எல்லாருக்கும் பேடா கொடுத்தாளாம். ப்ரியம்வதா ஒரு பெட்டியை ஞாபகமாகப் பின்னால் கொடுத்தனுப்பினாள். பார்வதியும் ஒரு வாரத்தில் தேறி முன் வார்டுக்குப் போய் அட்சதை வாங்கிக்கொண்டாள். மாதக் கடைசியில் ஸ்வாமிநாதன் பின் வார்டு ஆட்களை வரிசையாகக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு நன்றிக் கடிதமும் ஒரு ஃபிளாஸ்க்கும் கொடுத்தார். அகல்யாவின் முறை வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஊரில் மழை எப்படி என்று விசாரித்தார்.

டிசம்பரில் இர்பான் மார்க்கெட் யார்டில் மூட்டை இறக்கப் போனான். சரசா நிக்டியில் இரண்டு வீட்டுக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுத்தாள். ப்ரியம்வதாவின் டீமுக்கு ஏஜென்சி புதிதாக எடுத்த ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவைக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் அவள் பதறிக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டாள். பருமனான ஒரு அம்மாளைக் குப்புறப் போட வேண்டும், தலையணைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அகல்யா மீட்டிங்கில் இருந்த ஹரீஷை இழுத்து வந்து ஹாலில் படுக்கப் போட்டு, வீட்டிலிருந்த தலையணைகளை எல்லாம் அவனுக்கு அடியில் செருகிக் காட்டினாள். அவன் தரையில் கன்னத்தை வைத்தபடி, காதில் மாட்டியிருந்த கருவியில் தன் மேலாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் பிழைத்துவிட்டாள் என்று மூன்றாம் நாள் செய்தி வந்தது. அகல்யா அன்று பாயசம் வைத்தாள்.

சங்கராந்தி முடிந்த வாரம், விமான் நகரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நர்சும் ஆயாவும் தேவை என்று தெரிந்து அவளும் சரசாவும் கிளம்பினார்கள். பிம்ப்ரி நிறுத்தத்தில் ஏறினார்கள். பஸ் பாதி காலி. எல்லார் வாயிலும் முகக்கவசம், சிலருக்குத் தாடையில். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் முன்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. சரசா அகல்யாவின் கையை அழுத்தினாள்.

ஜக்தாப்தான். வயிறு பாதியாகியிருந்தது, காக்கிச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. குரல் மட்டும் குறையவில்லை. ஒரு பயணி, இந்த வியாதியெல்லாம் உண்மையில் இருக்கிறதா, சும்மா பயமுறுத்துகிறார்களா என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. ஜக்தாப் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் கதையை மொத்த பஸ்ஸுக்கும் மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். முன் வார்டு சிஸ்டர்களைத் தெய்வங்கள் என்றார். வெளிச்சம், காற்று, கைதட்டல், ஷெனாய் எல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழித்து வந்தவர் இவர்கள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார்.

சரசாவின் வாய் வரைக்கும் ஏதோ வந்துவிட்டது. அகல்யா அவளைத் தடுக்கவில்லை. அவளும் ஜக்தாப்பின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த இவர்கள் கண்களை அவரும் பார்த்தார். எந்த அடையாளமும் அவருக்குத் தட்டுப்படவில்லை. எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

"விமான் நகர். ரெண்டு," என்றாள் சரசா.

டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அவர் நகரவில்லை. இரண்டு பெண்களைத் தனியாகப் பார்த்ததில் அவருக்கு அக்கறை வந்துவிட்டது. குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தாயி, ஒரு விஷயம் மனசுல வச்சுக்குங்க. உங்க வீட்டுல யாருக்காவது இது வந்து அந்தக் கல்யாண மண்டபத்துல சேர்த்தா, பின் வார்டுக்கு மட்டும் விடாதீங்க. அங்க இருந்த ஆளுங்களுக்கு வேலையே தெரியாது. போனவன் ஒருத்தனும் வெளிய வரல. என்னையும் கொஞ்ச நாள் அங்க போட்டு வச்சிருந்தாங்க, தப்பிச்சு முன்னால வந்ததாலதான் இன்னிக்கு நின்னு பேசறேன்."

இத்தனையையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். நடுவில் எங்கேயும் இழுக்கவில்லை, இருமவில்லை, தோள் உயரவில்லை. அகல்யா அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உள்ளுக்குள் நிறைந்துபோயிற்று. சரி என்று தலையை ஆட்டினாள். சரசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜக்தாப் திருப்தியோடு நிமிர்ந்தார். மணிக்கயிற்றை இழுத்துவிட்டு, வரப்போகிற நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாகக் கத்திக்கொண்டே முன்னால் போனார். குரல் கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்டது.